சவரக் கிண்ணத்து அளவு

எலி டீச்சர் வீட்டுச் சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்கும் டீத்தூள் டப்பாவுக்கும் நடுவில் ஒரு சவரக் கிண்ணம் இருக்கிறது. அலுமினியக் கிண்ணம், விளிம்பில் ஒரு நெளிசல், உள்ளே பளிச்சென்று சுத்தம். முதல் தடவை வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "இதென்ன டீச்சர், அடுப்படியில சவரக் கிண்ணம்?" என்று வாய்விட்டே கேட்பவர்களும் உண்டு. "அளவுக் கிண்ணம்" என்பாள் அவள். அதற்கு மேல் பேச மாட்டாள். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம். நமக்கு அந்தப் பயம் இல்லை, நாம் சொல்லிவிடலாம்.

எலி டீச்சர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். மருந்தியல் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்க வளர்க்கும் வெள்ளைச் சுண்டெலிகளோடுதான் அவள் காலம் போயிற்று. பட்டப் பெயர்களில் பாதி பொறாமையில் வருவது, பாதி பாசத்தில் வருவது. இது இரண்டாவது வகை என்று அவள் நம்புகிறாள். நாம் ஏன் அதைக் கெடுக்க வேண்டும்?

ஆனால் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அப்படிக் கூப்பிட்டவர் அப்பா.

அப்பாவுக்கு ஒற்றை நாற்காலி சலூன். எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிகள். நடுவில் உட்கார்ந்தால் உங்கள் பின்மண்டை முடிவில்லாமல் வரிசை கட்டி நிற்கும். கத்தி தீட்டும் தோல்வார் ஓர் ஆணியில், ஈரத் துண்டு இன்னோர் ஆணியில். படிகாரக் கல் ஜன்னல் விளிம்பில். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே அங்கேதான் வருவாள். சோப்பு நுரையும் பவுடரும் கலந்த அந்த வாசனை எங்காவது வீசினால், இந்த வயதிலும் அவள் நடையைத் தளர்த்திக்கொண்டு நின்றுவிடுகிறாள்.

காலையிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே செய்கிற தொழில். கை செய்கிற வேலைக்குக் கூலி கிடைக்கும். கால் நிற்கிற வேலைக்கு யார் என்ன கொடுக்கிறார்கள்? அப்பா படுத்தால் போதும், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மனிதர் எழுந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். அதற்குத்தான் சோம்பேறி இலை.

அந்தச் செடிக்குப் புத்தகத்தில் பெரிய பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் செடியே திரும்பிப் பார்க்காது. சோம்பேறி இலை என்றால் எல்லாருக்கும் தெரியும். இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் உடம்பு தளர்ந்து தூக்கம் வரும் என்று காலகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சலூனுக்குப் பின்னால் உடைந்து போன ஒரு முகம் கழுவும் தொட்டியில் அப்பா அதை வளர்த்தார். மழித்த முடியையெல்லாம் அதற்குத்தான் எருவாகப் போடுவார். "ஊர்ல பெரிய மனுஷங்க தலையெல்லாம் இந்தச் செடிக்குள்ளதான் இருக்கு" என்று பெருமை வேறு.

வீட்டில் இந்த இலையை வைத்து ஓயாத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அப்பா வாதி, அம்மா பிரதிவாதி, தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது.

"இந்த இலை மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ கடையைச் சாத்திருப்பேன்" என்பார் அப்பா.

"இலையாவது மண்ணாவது! நாள் பூரா நின்ன மனுஷன் படுத்தாத் தூங்காம என்ன செய்வாரு? சுடுதண்ணியைக் குடுத்து இதுதான் கஷாயம்னு சொன்னாலும் குறட்டை விடுவாரு" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, அதே வாயோடு போய்க் கஷாயத்துக்கு அடுப்பை மூட்டுவாள். இத்தனைக்கும் ஒரு நாள்கூட அவள் அதைப் போட மறந்ததில்லை.

நடுவில் ஒரு தடவை டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பா நன்றாகத்தான் தூங்கினார். ஆனால் மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளர் முகத்தில் நுரை போட்டுவிட்டு, ஏதோ யோசனையில் மறுபடியும் நுரை போட்டு, அப்புறம் மூன்றாவது தடவையும் போட்டிருக்கிறார். அந்த மனிதர் மூச்சு முட்டிக் கத்திய பிறகுதான் சுயநினைவே வந்ததாம். அன்றோடு மாத்திரை குப்பைக்குப் போயிற்று.

"கத்தி பிடிக்கறவனுக்குத் தூக்கம் வந்தா மட்டும் போதாது பாப்பா. விடிஞ்சதும் அது மரியாதையா எழுந்து போயிடணும். இலை போயிடும். மாத்திரை போகாது" என்றார்.

அவள் மேல்படிப்புக்கு ஆய்வுப் பொருள் தேட வேண்டி வந்தபோது வேறெங்கும் தேடவில்லை. அந்தத் தொட்டிச் செடியிலிருந்தே ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் வழிகாட்டிப் பேராசிரியர் மேசையில் வைத்தாள். அவர் வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர்.

"ஏன் இந்தச் செடி?"

"எங்கப்பா குடிக்கிறாரு சார்."

"உங்கப்பா குடிக்கிறாருங்கறதால உண்மை ஆயிடாது."

"அதைத்தான் சார் பார்க்கணும்."

அவர் கிளையை முகர்ந்து பார்த்தார், தும்மினார், சரி என்றார்.

வீட்டில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வழக்குக்குக் கடைசியில் ஒரு நீதிபதி வந்துவிட்டார், அதுவும் பெற்ற மகள்! வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், "நம்ம பாப்பா சோம்பேறி இலையை ஆராய்ச்சி பண்றா" என்று சொல்லிச் சொல்லியே சவரத்தை நீட்டினார். அம்மா மட்டும், "எலியைத் தூங்க வைக்கறதுக்கு ஒரு படிப்பு!" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

ஆனால் அதே சமயத்தில்தான் சலூனில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் கை தவற ஆரம்பித்திருந்தது.

முதலில் சீப்பு நழுவியது. யார் கையில்தான் சீப்பு நழுவாது? அடுத்து ஒருவர் காதோரம் ஒரு கீறல். அப்புறம் தபால்காரர். அவர் அப்பாவின் பழைய சிநேகிதர், வாரம் தவறாமல் அதே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்கிறவர். அவர் தாடையில் கத்தி இறங்கிவிட்டது. துண்டு நனைகிற அளவுக்கு ரத்தம். படிகாரத்தை வைத்து அழுத்தியபோது அப்பாவின் கைதான் அதிகமாக நடுங்கியது.

"விடுங்க அண்ணே, என் உடம்புல இன்னும் ரத்தம் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே" என்று தபால்காரர் சிரித்தார். அவர் சிரித்தார், தெரு சிரிக்கவில்லை. கத்தி தவறிய செய்திக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? எதிர்சாரியில் புதிதாகத் திறந்த கடைக்கு வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து போனார்கள். கடக்கும்போது இந்தப் பக்கம் திரும்பாமல் போனார்கள். அதுதான் அப்பாவுக்கு வலித்தது.

"வயசாயிடுச்சு பாப்பா" என்றார். அதுவரை அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை அது. அந்தக் கை கத்தி பிடிக்காவிட்டால் அப்பா என்று யார் மிஞ்சுவார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கல்லூரியில் சோதனை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. சுண்டெலிகளை வாலில் மைப் புள்ளி வைத்துக் குழு குழுவாகப் பிரித்திருந்தாள். ஒரு குழுவுக்கு வெறும் தண்ணீர், மற்றவற்றுக்கு இலைச் சாறு. முதலில் ஒரு பெட்டிக்குள் விட்டு எவ்வளவு ஓடியாடுகின்றன என்று பார்ப்பாள். சாறு குடித்தவை ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டன. அப்புறம் தூக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்க வைப்பாள். விழித்திருக்கிற எலி உடனே புரண்டு எழுந்துவிடும், தூங்குகிற எலி அப்படியே கிடக்கும். சாறு குடித்தவை வெகுநேரம் கிடந்தன. இலைக்குத் தூங்கவைக்கிற சக்தி உண்டு. அப்பா ஜெயித்துவிட்டார்!

அடுத்தது தசைத் தளர்ச்சிக்கான சோதனை. அதற்கு ஓர் உருளை இருந்தது. மோட்டார் வைத்த நீளமான தடி, நிதானமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். எலி அதன் மேல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கால் உறுதியாக இருந்தால் நிற்கும். தசை தளர்ந்திருந்தால் கீழே இருக்கும் தகட்டில் டக்கென்று விழும்.

இங்கே அவள் வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தாள். மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் உருளையில் ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. அவளுக்கு அது போதவில்லை. சாயங்காலம் கொடுத்து, மறுநாள் காலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்; விடிந்ததும் மரியாதையாக எழுந்து போய்விடுகிறதா என்று தெரிய வேண்டும். அதோடு கல்லூரிச் சாறு மட்டும் போதாது, வீட்டில் குடிக்கிற அதே கஷாயமும் வேண்டும். பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார். "எலிக் கணக்கு வேற, மனுஷக் கணக்கு வேற" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

அம்மா பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள். "புருஷனுக்குப் போட்டேன், சரி. இப்ப எலிக்கும் போடறேன். என் பொழப்பைப் பாரு!"

மறுநாள் சலூனுக்கு விடுமுறை. அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இது என்ன பாப்பா, மாவு தேய்க்கற கட்டையா?"

"இல்லப்பா. எலி இது மேல நடக்கணும். நடக்க முடியாட்டி விழுந்துரும்."

முதலில் தண்ணீர் குடித்த எலிகளை ஏற்றினாள். அவை விறுவிறுவென்று நடந்தன. அப்பாவுக்கு ஒரே குஷி. "அடி சக்கை! நிக்குது பாரு, நம்ம தபால்காரர் சைக்கிள் ஓட்டற மாதிரி!" என்று குழந்தையாகிப் போனார். அடுத்து வாலில் இரண்டு புள்ளி வைத்த குழு. முதல் எலி ஏறியது, தடுமாறியது, டக். இரண்டாவது டக். மூன்றாவது தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, டக்.

"இதுங்களுக்கு என்ன குடுத்தே?"

"நேத்து சாயங்காலம் அம்மா குடுத்துவிட்ட கஷாயம்பா" என்றாள். ஒரு கண்டுபிடிப்பு கைக்குள் வந்து உட்கார்ந்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அப்பா தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களை மடக்கினார், விரித்தார். "நேத்து சாயங்காலம் குடிச்சதுக்கு இன்னைக்குக் காலையிலயா?"

"ஆமாப்பா. ஆனா எலி வேற, நாம வேற..."

"எலியும் நானும் ஒரே பானைக் கஷாயத்தைத்தானே குடிச்சோம்" என்றார். சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் சலூன் திறக்கவில்லை. நாற்காலி மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டு வந்திருந்தார். இலையையும் நிறுத்தினார். நிறுத்தியதும் கெண்டைக்கால் பழி வாங்கியது, தூக்கம் போயிற்று, தூக்கம் போனதும் கை முன்னைவிட நடுங்கியது. "கால் இலையைக் கேக்குது, கத்தி கையைக் கேக்குது. ரெண்டுக்கும் நடுவுல நான் யாருக்குன்னு பதில் சொல்றது?" என்று ஒரு தடவைதான் சொன்னார். வீட்டுக்கு வந்த அம்மாவின் தம்பி, "கடையை அந்த எதிர்க்கடைக்காரனுக்கே விட்டுடலாமே மாமா" என்று யோசனை சொன்னான். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கல்லூரியில் பேராசிரியர் உருளைக் கணக்கைப் பார்த்துவிட்டு, "நல்ல முடிவு. தெளிவான முடிவு" என்றார். அவரிடமிருந்து இரண்டு வாக்கியம் வாங்குவதென்றால் சாமானியமா? அவள் எலிக்கூண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். செடியை நல்லது என்று நிரூபிக்க வந்தவள் அப்பாவின் கடையைச் சாத்திவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார்? அவள்தான்.

அழுது முடித்து வெளியே வந்தபோது பேராசிரியர் அவள் சிவந்த கண்ணைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, "பிளாஸ்க்ல வந்ததை வெச்சு ஆய்வு எழுத முடியாது. நீயே இங்க கஷாயம் போடு. அளந்து போடு. இன்னொரு தடவை பாரு" என்றார்.

கஷாயம் போடும் முறை அவளுக்கு மனப்பாடம். அப்பா வருகிற போகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தது: கைப்பிடி இலை, ஒரு சொம்புத் தண்ணீர், பாதியாகச் சுண்ட வேண்டும். அவ்வளவுதான். இலையைக் கைப்பிடியாக எடுத்து, தராசில் எடை பார்த்து, சுண்டவைத்து, சாயங்காலம் எலிகளுக்குக் கொடுத்தாள். அவை மூலையில் சுருண்டு நன்றாகத் தூங்கின. மறுநாள் காலையில் உருளையில் ஏற்றினாள்.

நடந்தன.

ஒன்றுகூட விழவில்லை. மோட்டார் பழுதோ என்று பார்த்தாள், பழுதில்லை. வேறு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள், அவையும் நடந்தன. அம்மாவின் பிளாஸ்கை மறுபடி வரவழைத்துக் கொடுத்துப் பார்த்தாள். டக், டக், டக். ஒரே இலை, ஒரே தொட்டி. ஒரு பானையில் விடியும்போது தூக்கம் எழுந்து போகிறது, இன்னொரு பானையில் போக மறுக்கிறது. இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தட்டில் காயவைத்தாள். அவளுடைய கஷாயம் தட்டில் மெல்லிய கறையாய் ஒட்டியது. அம்மாவுடையது கருப்பாகத் தடித்துப் பிசின் மாதிரி உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் நேரே அடுப்படிக்குப் போனாள். "அம்மா, கஷாயம் எப்படிப் போடறேன்னு ஒரு தடவை செஞ்சு காட்டு."

"அதுல பார்க்க என்ன இருக்கு? உங்கப்பாதான் குடிக்கறதையே விட்டுட்டாரே."

"எலி குடிக்குதில்ல, போடு."

அம்மா சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். முறத்தில் கிடந்த இலையில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். இன்னொரு கைப்பிடி போட்டாள். பானையை எட்டிப் பார்த்தாள், போதாது என்று அவளுக்கே பட்டது போல, இன்னொன்றும் அள்ளினாள்.

"அம்மா, எத்தனை கைப்பிடி?"

அள்ளிய கை பானைக்கு மேலே நின்றுவிட்டது. "எண்ணியா போடறாங்க?"

"அப்பா ஒரு கைப்பிடின்னுதானே எல்லார்கிட்டயும் சொல்றாரு?"

"அவரு என்னைக்கு அடுப்படிக்கு வந்தாரு?" என்றாள் அம்மா. குரலில் பழைய வேகம் இல்லை. கையில் இருந்த இலையை முறத்தில் திரும்பப் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணு போட்டுத்தான் குடுத்துக்கிட்டிருந்தேன். அதுல நல்லாத்தான் தூங்கினாரு. அப்புறம் மறுபடியும் காலைப் பிடிச்சுக்கிட்டு முனக ஆரம்பிச்சாரு. சத்தம் வெளியே வரக்கூடாதுன்னு துண்டைக் கடிச்சுக்குவாரு, தெரியுமா? எத்தனை நாள்தான் அதைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கறது? இன்னொரு கை போட்டேன். அது பத்தலைன்னு இன்னொண்ணு. ஒண்ணுமில்லாத இலைதானேன்னு நெனச்சேன்டி. ஒண்ணுமில்லாததைக் கூடக் கொஞ்சம் போட்டா என்ன கெட்டுப்போயிடும்?"

இலையை நம்பியிருந்தால் அவள் அளந்து போட்டிருப்பாள். நம்பாததால்தான் தாராளமாகப் போட்டாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியிருக்க வேண்டிய இடம் அடுப்படிச் சுவர்.

வாசற்படியில் நிழல் தெரிந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப வயசு இல்லையா?" என்றார்.

"வயசு இல்லப்பா."

அவர் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஏன்டி, இலையில ஒண்ணுமே இல்லேன்னு சொன்னவ நீதானே?"

"நான் சொன்னதை நீங்க என்னைக்குக் கேட்டீங்க?" என்றாள் அம்மா, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே. அப்பா சிரித்தார். வெகு நாள் கழித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

கைப்பிடி என்றால் யார் கைப்பிடி என்று அடுத்த வழக்கு ஆரம்பித்தது. அப்பா கை அகலம், அம்மா கை சின்னது. "உங்க ரெண்டு பேர் கையும் வேணாம்" என்றாள் பாப்பா. அப்பா சலூனுக்குப் போய், பழைய சவரக் கிண்ணம் ஒன்றைத் தேடி எடுத்து, மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தார். அவள் தராசில் எடை பார்த்த இலை அதில் தலைதட்டி நின்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் அளவு.

சரி, எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஒரு கிண்ணத்தில் கால்வலி முழுசாக அடங்கவில்லை. சில நாள் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே காலைப் பிடித்துவிடுவாள். "வர்ற தலையில பாதி வழுக்கை. அதுக்குப் பாதித் தூக்கம் போதும்" என்பார் அப்பா.

போன தூக்கம் திரும்பி வந்து கை நிலைப்படச் சில நாள் பிடித்தது. அப்புறம் நாற்காலி மேல் போட்ட துணியை எடுத்தார். கத்தியைத் தோல்வாரில் தீட்டி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். யார் வருவார்கள்? அறுபட்ட கதை ஊருக்குத் தெரியும். கைப்பிடிக் கதை வீட்டைத் தாண்டவில்லை. எதிர்க்கடையில் கூட்டம் நின்றது. வெயில் ஏறி, கண்ணாடியில் அவர் ஒருவரின் உருவம் மட்டும் வரிசை கட்டி நின்றது.

தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். தாடைத் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. யாரிடமும் எதையும் விசாரிக்காமல் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் கொடுத்தார்.

"கண்ணைத் திறந்து வெச்சுக்கய்யா" என்றார் அப்பா.

"உங்க கடையில நான் என்னைக்குக் கண்ணைத் திறந்திருக்கேன்?" என்று மூடிக்கொண்டார் தபால்காரர். எதிர்க்கடைக் கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. நுரையை முழுக்க வழித்தெடுத்தபோது தாடையில் ஒரு கீறல் கிடையாது. அப்பா துண்டை உதறிய சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டதாகத் தபால்காரர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆய்வேடு அச்சாகி வந்தது. குறைந்த அளவில் தூக்கம் தருகிறது, அளவு கூடினால் தசைப் பிடிமானத்தைக் குறைக்கிறது என்று அதில் ஓர் இடத்தில் இருக்கிறது. அம்மா அதில் எங்கும் இல்லை. முனகல் தாங்காமல் இன்னொரு கை போட்டவளை எந்த அட்டவணையில் சேர்ப்பது? அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் பானைக்கு மேலே நின்றுபோன அந்தக் கைதான் அவள் கண்ணுக்குத் தெரியும்.

காலம் ஓடியது. அவள் எலி டீச்சர் ஆனாள். தபால்காரர் போனார். அப்புறம் அம்மாவும் போய்விட்டாள். சலூன் கண்ணாடிகள் யார் வீட்டுக்கோ போயின. அப்பா அவளோடு வந்து தங்கினார். கூடவே கிண்ணமும், தொட்டிச் செடியின் ஒரு கிளையும் வந்தன. சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் அவள் முதலில் செய்கிற வேலை, கிண்ணத்தில் இலையைத் தலைதட்டி அளப்பது. கத்தி பிடிக்கிற வேலை நின்று வெகு நாளாகியும் அப்பா அளவைக் கூட்டச் சொன்னதே இல்லை. தினமும் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வார், கண்ணாடி இல்லாமல். அந்த ஒரு கடையை அவர் மூடவில்லை.

கடைசி வருஷத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படுக்கையானார். டாக்டர் கொடுத்த எதுவும் அந்த வலிக்கு எட்டவில்லை. ஒரு சாயங்காலம் அவள் கிண்ணத்தோடு அடுப்படிக்குப் போகும்போது கூப்பிட்டார். துண்டின் நுனி ஈரமாக இருந்தது. கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாப்பா, இன்னைக்கு உங்கம்மா மாதிரி போடு."

அவள் நின்றாள். "மூணாப்பா?"

"நாளைக்குக் கடை லீவு" என்றார்.

அவள் கிண்ணத்தை அதன் இடத்திலேயே வைத்துவிட்டாள். கையால் அள்ளினாள். ஒன்று, இன்னொன்று, பானையை எட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்று. வாழ்நாள் முழுக்க அளந்து கொடுத்தவளுக்கு அன்று கை கூசவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது.

அப்பா தூங்கினார். முனகாமல், காலை நீட்டிக்கொண்டு, வெயில் ஜன்னலுக்குள் வரும்வரை தூங்கினார். எழுந்ததும் வழக்கம்போல் முகம் மழிக்கக் கத்தியைக் கேட்டார். கொடுத்தாள். அது விரல்களுக்குள் நிற்காமல் போர்வை மேல் விழுந்தது. அவள் பதறினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"எலி விழுந்துருச்சு பாப்பா."

அவளும் சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. கத்தியை எடுத்துத் துடைத்தாள். நுரை போட்டாள். அந்தக் கத்தியை அதுவரை அவள் யார் முகத்திலும் வைத்ததே இல்லை. வேறு யாரையும் வைக்க அவர் விட்டதும் இல்லை. தாடைக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் தயங்கினாள்.

அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "நேத்து நீ குடிக்கலையே?"

"இல்லப்பா."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தைக் கொடுத்தார்.